47 தொன் தங்கம் சொல்லும் பாடம்

அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்றால் என்ன? இந்தியப் போட்டிப் பரீட்சைகளுக்குப் படிப்பவர்கள் பாடமாக்கும் விடயம் இது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1991 இல் இந்தியாவும் அந்த நிலைக்குக் கிட்ட வந்தது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது. கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமாக இருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 தொன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளில் அடகு வைத்து ஏறத்தாழ 40 கோடி டொலர் பெற்றது. அதே மாதம் ரூபாயின் பெறுமதி இரண்டு தடவை குறைக்கப்பட்டது. ஆனாலும் கடன் தவணை தவறவில்லை. நாமோ 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதையே நிறுத்தினோம்.

வெளி வருமானம் நின்றால் நாடு எத்தனை வாரம் தாங்கும்? கையிருப்பு என்பது அந்தக் கணக்குத்தான். நம் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுப்போம்.