தேநீர்க்கடை வாங்கும் தீவக வரலாறும்

எந்தக் கடையிலே தோசை நன்று, எவர் ஆற்றிக் கொடுக்கும் கோப்பிக்கு மணம் மிகுதி, வருகின்ற ஆட்டத்தில் வெல்லப்போவது எந்தக் கழகம் என்னும் பேச்சுக்களை வரலாற்று நூலார் பெரிதாகக் கொள்வதில்லை. அவர்தம் ஏடுகளில் இடம்பெறுவன முடியும் போரும் உடன்படிக்கையுமே. எனினும், ஒரு மக்கட் கூட்டத்தார் எங்கே கூடினர், யார் அருகில் யார் அமர்ந்தனர், அமர்ந்தவர் அச்சமின்றி எவற்றைப் பேசினர் என்பவற்றை அறிய விரும்புவோர் கடை வாசலுக்கு வந்தே தீர வேண்டும்.

இங்கிலாந்து மன்னனான இரண்டாம் சாள்சு 1675 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே தன் நாட்டுக் கோப்பிக் கடைகளை மூடுமாறு ஆணை பிறப்பித்தான். கோப்பி குடிப்பதனால் அரசுக்கு யாதொரு கேடும் இல்லை. குடிக்க வந்தவர் அரசைப் பற்றியும் பேசினர் என்பதே அவன் கண்ட கேடு. மக்கள் எதிர்ப்பு வலுத்தமையால், ஆணை நடைமுறைக்கு வருமுன்னரே அதனைக் கைவிட நேர்ந்தது. கடை வாங்கிலிருந்து எழும் சிறு பேச்சு முடிமன்னரையும் கலங்கச் செய்யவல்லது என்பதற்கு இது சான்றாகும். அந்த வாங்கிலிருந்தே யாழ்ப்பாணத்துத் தீவகத்தை நோக்குவோமாயின், பிற நூல்கள் கூறாத ஒரு வரலாறு புலப்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கேயும் தென்மேற்கேயும் பரந்து கிடப்பன தீவகத்தின் ஊர்கள். வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், அனலைதீவு, எழுவைதீவு, எல்லாவற்றிற்கும் அப்பால் நெடுந்தீவு என அவை தொடரும். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். லைடன், அம்ஸ்ரர்டாம், மிடில்பேர்க், ரொட்டர்டாம் என்பன ஏட்டளவில் நின்றுபோயின. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே ஆங்கில வழக்கில் நிலைத்தது. அவர்க்கு முன் வந்த போர்த்துக்கேயர் யானைகளை ஏற்றிய துறை என்னும் பொருளில் வைத்த பெயரின் தேய்வே, ஊர்காவற்றுறையைக் குறிக்கும் கயிற்ஸ் என்பது.

இத்தீவகத்தோடு விருந்தோம்பலைப் பிணைக்கும் கதை மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் பலரின் கொள்கை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் ஏந்திய ஆபுத்திரன், சாவகத்துக்குச் செல்லும் கப்பலில் ஏறினான். காற்று மிகுந்தமையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்கிற்று. அவன் இறங்கியதை அறியாது அது மீண்டும் புறப்பட்டுவிட்டது. ஆளில்லாத தீவிலே அவன் தனித்தான். கையில் உணவு உண்டு. உண்பாரோ ஒருவரும் இலர். பிறர் பசியைத் தீர்க்கவியலாத பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் ஓம்ப அவன் உடன்படவில்லை. அதனைக் கோமுகி என்னும் பொய்கையில் விடுத்து, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். உணவின் பெருமை உண்பவர் கூட்டத்திலேயே உள்ளது என்னும் உண்மையை இதனினும் கூர்மையாக உணர்த்தும் கதை அரிது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு வரும் அடியார் பசியாறும் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

காப்பியத்தை விடுத்துக் கல்வெட்டுக்கு வருவோம். 1153 முதல் 1186 வரை இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவில் உள்ளது. ஊராத்துறை என்று அது சுட்டுவது இன்றைய ஊர்காவற்றுறையே. அந்நிய நாட்டவர் அத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது அரசனின் கட்டளை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகப் பண்டம் ஏற்றிய கலமாயின் செம்பாதி. புதியவனை வரவேற்றுத் தங்கவைப்பது அறம் மாத்திரமன்று, துறைமுகத்தின் பிழைப்பும் ஆகும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். துறையில் வந்து தங்கிய வணிகனுக்குச் சோறும் நீரும் கொடுக்க ஆள் இருந்தே ஆகவேண்டும். தீவகத்தின் உணவுக்கடை வரலாற்றுக்கு முதற்படியை அங்கே வைத்துப் பார்ப்பது பொருந்தும்.

இத்துணைப் பேர்க்கு இடமளித்த மண் வளமிக்கதன்று என்பது வியப்புக்குரியது. ஆறு இல்லை, நல்ல தண்ணீர் அரிது, நெல் வானத்தை நம்பியே விளையும். நெடுந்தீவில் மரவேலிக்குப் பதிலாக முருகைக்கற்களை அடுக்கியே எல்லைச் சுவர் எழுப்பினர். ஆயினும் பனையும் கடலும் மக்களைக் கைவிடவில்லை. பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாக்கி, அதன் மாவோடு மீனும் நண்டும் இறாலும் கீரையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சும் ஒடியற்கூழ், வறுமையிலிருந்து பிறந்து விருந்தாக உயர்ந்த உணவு. பலர் சுற்றியிருந்து பிலாவிலையைக் கோலிக் குடித்தாலன்றி அதற்குச் சுவையில்லை என்பர். குரக்கன் பிட்டும், பனாட்டும், பனங்கட்டியும், நெடுந்தீவுப் பாலும் தீவகத்தார் நாவில் நின்ற சுவைகள்.

மண் போதாமையே தீவகத்தாரைக் கடலுக்கு அப்பாலும் வழிக்கு அப்பாலும் செலுத்தியது. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் முதலிய ஊர்களினின்று புறப்பட்ட இளைஞர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்கள் பலவற்றிலும் கடை வைத்தனர். சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, தேநீர்க் கடை, சைவ உணவுச்சாலை என அவை பெருகின. ஒருவன் முதலில் உறவினன் கடையிற் கோப்பை கழுவுவான், பின்பு பரிமாறுவான், பின்பு கணக்கெழுதுவான், பல்லாண்டு கழிந்தபின் தனக்கென ஒரு கடை திறந்து, ஊரிலிருந்து மற்றொரு சிறுவனை வருவிப்பான். தம் வயலில் அரிசி போதாத மக்கள் நாட்டிலுள்ள பிறர்க்குச் சோறிடுவதைத் தொழிலாக்கினர். அவர் ஊருக்கு அனுப்பிய பணம் பள்ளிக்கூடமாகவும் கோயிற் கோபுரமாகவும் வாசிகசாலையாகவும் எழுந்தது.

கடையில் ஊற்றப்பட்ட பானத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலைநாடு கோப்பிக்குப் பேர்பெற்றிருந்தது. 1869 இல் இலைகளைப் பற்றிய துரு நோய் அத்தோட்டங்களை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் ரெய்லர் என்பார் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிர்செய்யத் தொடங்கியிருந்தார். தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேத்தண்ணீர் ஊர்தோறும் புகுந்தது. கோப்பியும் முற்றாக மறையவில்லை. மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பி யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலைத்தது. வீட்டுப் பானம் கோப்பி, கடைப் பானம் தேத்தண்ணீர் என்று ஒருவாறு பாகுபாடு செய்யலாம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் பருகுபவருக்கு ஒரு மணி நேரப் பேச்சு இனாமாகக் கிடைத்தது.

அப்பேச்சுக்குத் துணைநின்றவை செய்தித்தாளும் வானொலியும். 1930 இல் வீரகேசரியும், 1932 இல் தினகரனும், 1959 இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடும் வெளிவரலாயின. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பர். கடைக்கு அணித்தாகச் சனசமூக நிலையம். அதனை அடுத்து விளையாட்டுத் திடல். கிளித்தட்டு ஆடிய மண்ணிலே உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் வந்து சேர்ந்தன. ஊருக்கொரு கழகம் தோன்றிற்று. மாலையில் திடலில் முடிந்த ஆட்டம் இரவில் வாங்கின்மேல் மறுபடியும் ஆடப்பட்டது. தீவுக்கு வெளியே நிகழ்ந்தவையும் அங்கே ஆராயப்பட்டன. 1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் ஆடிவரும் துடுப்பாட்டத்தில் எப்பக்கம் நிற்பது என்பது தீராத வழக்கு. 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நா. எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தார். அவ்வெற்றியைத் தம் வீட்டு வெற்றியாகக் கொள்ளாத கடை யாழ்ப்பாணத்தில் இருந்திராது.

ஆனால் அந்த வாங்கில் யார் அமரலாம் என்னும் வினாவை மறைத்துவிட்டு இவ்வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர் நெடுங்காலம் கடைக்குள் நுழையவியலாதிருந்தனர். அவர்க்குத் தேநீர் வாசலுக்கு வெளியே, வேறு பாத்திரத்தில் கொடுக்கப்பட்டது. தீவகமும் இதற்கு விலக்கன்று. ஆபுத்திரனையும் அமுதசுரபியையும் போற்றிய சமூகமே அருகிலிருந்தவனுக்கு ஒரு கோப்பையை மறுத்தது. 1920களில் எழுந்த யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு சமபந்தி போசனத்தை வற்புறுத்தியது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்துக்காக உழைத்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. எனினும் சட்டப் புத்தகம் கதவைத் திறந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தின்பின் சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி முதலிய இடங்களில் தேநீர்க்கடைகளின் வாசலிலேயே போராட்டம் நிகழ்ந்தது. உயிர்களும் பலியாயின. உள்ளே இருந்து ஒரு கோப்பை தேநீர் குடிப்பதற்கு மனிதர் உயிர்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர், கடை வாங்கை அற்பப் பொருளாகக் கருதார்.

கதவுகள் மெல்லத் திறந்துவருங் காலத்திலே வேறொரு பேரிடர் சூழ்ந்தது. 1958 இலும், 1977 இலும், எல்லாவற்றிலும் கொடிதாக 1983 யூலையிலும் தென்னிலங்கையில் நிகழ்ந்த வன்செயல்களில் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டு எரியூட்டப்பட்டன. பல தலைமுறைகள் தேடிய தேட்டம் சில நாழிகையிற் சாம்பலாயிற்று. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 இலும் அதற்கடுத்த ஆண்டிலும் போர் தீவகத்தை நேரே தாக்கியபோது, வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதி மக்களுட் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். கடைகளின் கூரை சரிந்தது. திடலிற் பற்றை மண்டியது. உண்பாரில்லாத மணிபல்லவம் காப்பியத்திலிருந்து எழுந்து மீண்டும் கண்முன் நின்றது.

இடம்பெயர்ந்தோர் இழந்தவற்றுள் காணி, வீடு, நகை என்பவற்றுக்குக் கணக்குண்டு. அச்சமின்றி உரத்துப் பேசும் பேச்சுக்குக் கணக்கில்லை. சோதனைச் சாவடியைக் கடந்து கடைக்கு வந்தவன் அயலில் இருப்பவன் யார் என்று எண்ணியே வாய் திறந்தான். தோசை நன்று என்று சொல்வதற்கும் குரல் தாழ்ந்த காலம் அது. இன்னலுற்ற மக்களிடமிருந்து முதலில் நீங்குவதும், கடைசியில் திரும்புவதும் இச்சிறு பேச்சே.

2009 இல் போர் முடிந்தபின் தீவகத்துக்கு மக்கள் ஒரு பகுதியினரே மீண்டனர். புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறுகின்றனர். நாகபூசணி அம்மனை வழிபட வரும் தமிழரும் நாகவிகாரைக்கு வரும் சிங்களவரும் ஒரே படகில் அமர்கின்றனர். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் குடியேறிய தீவகத்தார் ஊர்ச் சங்கங்களை அமைத்தனர். அவற்றின் ஒன்றுகூடலிலும் கூழ் காய்ச்சப்படுகின்றது; கரப்பந்து உயர்கின்றது. 2020 இல் தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாணப் பெயர் தாங்கிய அணி முதலாம் ஆண்டே கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணியில் ஆடினார். அணியில் யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர், பந்துவீச்சு எத்தகையது என்று வாதிடுவோர்க்குப் பழைய வாங்கு மீண்டும் கிடைத்தது.

ஊரொன்று நலமுற்றிருக்கின்றதா என்பதை அறியப் பலவகை அளவுகோல் உண்டு. கட்டிய வீடுகளை எண்ணலாம். திருத்திய வீதிகளை அளக்கலாம். தீவகத்தின் வரலாறு மற்றுமோர் அளவுகோலைத் தருகின்றது. கடை வாங்கில் எவரும் அமரலாமா, அமர்ந்தவர் குரலைத் தாழ்த்தாது பேசலாமா, மாறுபட்ட கருத்துடையார் இருவர் ஒரே தேத்தண்ணீர்க் கடையிலிருந்து சிரித்துப் பிரியலாமா என்பனவே அதன் வினாக்கள். இவை மூன்றுக்கும் ஆம் என்று விடை கூறக்கூடிய ஊரிலேதான் அமுதசுரபிக்கு வேலை உண்டு.