பிரசவ வார்டும் செல்போன் தடையும்

ஆஸ்பத்திரி வாசலில் "செல்போனை அணைத்து வைக்கவும்" என்று ஒரு பலகை. 1990களிலும் 2000களிலும் பல நாடுகளில் இதைப் பார்க்க முடிந்தது. இந்தத் தடை ஏன் வந்தது, எப்படிப் போனது என்பதற்குப் பிரிட்டன் நல்ல உதாரணம்.

தடையின் பாரம் யார் மேல் விழுந்தது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். கர்ப்பிணியின் பி.பி. ஏறினாலோ, நஞ்சு கீழிறங்கி கருப்பை வாயை மறைத்தாலோ, பிரசவத்துக்குப் பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள் முன்பே வார்டில் சேர்த்துவிடுவார்கள். அவளுக்கு மயக்கம் கிடையாது, காய்ச்சல் கிடையாது. நினைவு தெளிவாக இருக்கும். வீட்டில் மூத்த குழந்தை அம்மாவைத் தேடும். பார்வையாளர் நேரம் முடிந்ததும் கணவரும் கிளம்ப வேண்டும். பிறகு பேச என்ன வழி? நடைக்கூடத்தில் காசு போட்டுப் பேசும் போன் மட்டும்தான்!

சரி, தடைக்குக் காரணம் என்ன? அந்தக் கால செல்போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால், அழைப்பு வருவதற்கு முன்பே "டுர்ர்... டுர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கும். செல்போன் விட்டுவிட்டு அனுப்பும் அலைத் துடிப்புகள் ரேடியோவின் மின்சுற்றில் புகுவதால் வரும் சத்தம் அது. ரேடியோவுக்குள் புகுந்தது, மருந்தை அளவாக ஏற்றும் பம்புக்குள்ளோ, சிசுவின் இதயத் துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. கருவிக்குள்ளோ புகாதா? நியாயமான பயம்தான். சிக்னல் குறைவாக இருந்தால் செல்போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியின் தடித்த சுவர்களுக்குள் நடப்பதும் அதுதான்.

பிரிட்டனின் மருத்துவக் கருவிகள் முகமை இதை ஆராய்ந்து 1997ல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தபோது செல்போனால் பாதிக்கப்பட்ட கருவிகள் 4 சதவீதம். கடுமையான பாதிப்பு 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் ஆம்புலன்ஸ், போலீஸ் போன்ற அவசர சேவைக்காரர்களின் வாக்கி-டாக்கியால் பாதிக்கப்பட்டவை 41 சதவீதம்!

அப்படியானால் கருவிகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பேசினாலே போதும். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் இதை விளக்குவதைவிட ஒரு பலகை மாட்டுவது சுலபம் அல்லவா? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தேவைப்பட்ட விதி, பல இடங்களில் கட்டிடம் முழுவதற்கும் விதியானது.

இதற்கு நடுவே பணமும் நுழைந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் 2004க்குள் படுக்கைதோறும் டிவியும் போனும் வைக்கப்படும் என்று 2000ல் பிரிட்டன் அரசின் சுகாதாரத் திட்டம் அறிவித்தது. முதலீடு தனியார் நிறுவனங்களுடையது. போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே! வெளியிலிருந்து நோயாளியை அழைப்பவருக்கு நிமிடத்துக்கு 49 பென்ஸ் வரை கட்டணம். அரை மணி நேரம் பேசினால் கிட்டத்தட்ட 15 பவுண்ட். புகார்கள் குவிந்ததால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2005ல் விசாரணை தொடங்கியது. அரசின் கொள்கைகளும் ஒப்பந்தங்களும் பின்னிக்கிடப்பதே விலை ஏறியதற்குக் காரணம் என்று 2006 ஜனவரியில் சொன்னது. செல்போன் தடை இருக்கும்வரை படுக்கை போனுக்குப் போட்டி இல்லை என்ற விமர்சனமும் எழுந்தது.

கருவிகளும் மாறிக்கொண்டிருந்தன. ஜி.எஸ்.எம். போனின் உச்ச சக்தி 2 வாட். மூன்றாம் தலைமுறைப் போனில் அது பெரும்பாலும் கால் வாட்தான். ஆஸ்பத்திரி முழுக்கத் தடை தேவையில்லை என்று 2004லிலேயே கருவிகள் கட்டுப்பாட்டு அமைப்பு கூறிவிட்டது. சுகாதாரத் துறை 2007ல் அதையே சொன்னது. 2009 ஜனவரியில் வந்த வழிகாட்டுதல், இயன்ற அளவு தாராளமாக அனுமதிக்கச் சொன்னது. அப்போது எஞ்சியிருந்த முக்கியக் கவலைகளில் ஒன்று கேமரா. பக்கத்துப் படுக்கைத் தாயோ அவள் குழந்தையோ படத்தில் விழலாம். இது நியாயமான கவலை, இன்றும் பொருந்தும்.

2020ல் கொரோனா வந்தபோது எல்லாம் தலைகீழானது. பிரிட்டனின் பல ஆஸ்பத்திரிகளில் பிரசவ வலி முற்றிய பிறகே கணவரை உள்ளே விட்டார்கள். அதுவரை வார்டில் தனியாகக் கிடந்த பெண்ணுக்கு வீட்டு முகங்களைக் காட்டியது எது? ஒரு காலத்தில் வாசலிலேயே அணைக்கச் சொன்ன அதே செல்போன்தான்!

1997ல் அந்தப் பயத்துக்கு அடிப்படை இருந்தது. அளந்தும் பார்த்தார்கள். ஆனால் ஒரு மீட்டருக்கான எச்சரிக்கை கட்டிடம் முழுக்கப் பரவி, அது விலக 12 ஆண்டுகள் ஆயின. விதி போடும்போது கணக்குப் பார்க்கிறவர்கள், அந்த விதியால் தனிமையில் கிடப்பவரையும் கணக்கில் எழுத வேண்டும்.