எடை குறைப்பு ஊசியை நிறுத்தினால் மறுபடியும் வெயிட் ஏறுமா? தெரிஞ்சுக்கோங்க!

மவுஞ்சாரோ, வெகோவி ஊசிகள் 2025-ல் இந்திய சந்தைக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி; பசி அடங்கும், எடை குறையும். சரி, நிறுத்தினால்?

வெகோவியில் உள்ள செமாகுளூடைடு மருந்தை 68 வாரம் எடுத்தவர்களுக்கு சராசரியாக 17% எடை குறைந்தது. ஊசியையும் டயட் ஆலோசனையையும் நிறுத்திய ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. அதாவது 100 கிலோவிலிருந்து 83-க்கு வந்தவர், மீண்டும் 94-ஐத் தாண்டிய கணக்கு.

ஏன் ஏறுகிறது?

மருந்து நின்றதும் பசி பழையபடி வந்துவிடும். ஆனால், இளைத்த உடம்புக்கு முன்பைவிடக் குறைந்த கலோரியே போதும். அதனால் இதை 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

ஊசி இல்லாமல் முடியுமா?

முடியும். குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருடத்துக்கு மேல் அதைத் தக்கவைத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு கண்காணிக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் தினமும் சுமார் 1 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்; அதில் நடைப்பயிற்சிதான் அதிகம். வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

* ஊசி போடும்போதே நடைப்பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். நிறுத்திய பிறகு தொடங்குவது கஷ்டம்.
* எடையோடு தசையும் குறையும். முட்டை, பருப்பு, சுண்டல், கூடவே தசைப் பயிற்சியும் அவசியம்.
* 2 கிலோ ஏறினாலே டாக்டரைப் பாருங்கள். 10 கிலோ ஏறும் வரை காத்திருக்காதீர்கள்.
* சிலருக்கு ஊசி நீண்ட காலம் தேவைப்படலாம். செலவையும் சேர்த்து முதல் நாளே டாக்டரிடம் பேசிவிடுங்கள். சுகர் இருப்பவர்கள் நீங்களாகவே நிறுத்தக் கூடாது.