மனச்சோர்வும் மூளையின் இணைப்புகளும்



நம் தோட்டங்களில் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. நேற்றுவரை பெரட்டுக்கு முதல் ஆளாக வந்தவர், வாரக்கணக்கில் எழ மனமின்றி லயத்துக்குள்ளேயே முடங்கிவிடுகிறார். சிலர் அவரைச் சோம்பேறி என்பர். சிலர் காத்துக்கருப்பு என்பர். இன்னும் சிலர், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி பேசுவர். 1911-ஆம் ஆண்டில் அங்கு மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டதால், ஓர் ஊரின் பெயரே நம்மிடையே ஏச்சாகிவிட்டது. கடும் மனச்சோர்வு என்னும் நோயை மனிதன் புரிந்துகொண்டு வந்த வரலாற்றை அறிந்தால், இந்த ஏச்சு நம் வாயில் வராது.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசும் அவர் வழிவந்தோரும், உடம்பில் கரும்பித்தம் மிகுவதால் நீங்காத அச்சமும் துயரமும் உண்டாகின்றன என்றனர். அக்கருத்து தவறானதே. ஆயினும், பேயின் வேலை என்று சொல்லாமல் உடம்பிலே காரணம் தேடினார்களே, அது பெரிய முன்னேற்றம்.

பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1952-இல் நியூயார்க் நகரைச் சேர்ந்த சீவியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தைக் கொடுத்தனர். படுத்த படுக்கையாயிருந்தவர்களிடம் எதிர்பாராத உற்சாகம் தோன்றியது. 1957-இல் அம்மருந்து மனச்சோர்வுக்கும் பயன்படுவது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்னும் மற்றொரு மருந்தின் பயனை வெளியிட்டார். மூளையில் செய்தி கொண்டு செல்லும் சில இரசாயனப் பொருள்கள் குறைவதே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் இதனால் வலுத்தது. ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. மருந்து அந்தப் பொருள்களின் மீது உடனே வேலை செய்கிறது. மனமோ தேறுவதற்கு வாரங்கள் ஆகின்றன. அப்படியானால், குறைபாடு ஒன்றே முழுக் காரணமாக இருக்க முடியுமா?

விடை தேட ஒரு புதிய கருவி வந்தது. 1990-இல் செய்ஜி ஒகாவா என்னும் அறிவியலறிஞர், இரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் மாற்றத்தைக் காந்தக் கருவியால் படமாக்கலாம் எனக் காட்டினார். மூளையைத் திறக்காமலே அது வேலை செய்வதைக் காண வழி பிறந்தது. 1995-இல் அமெரிக்காவில் பரத் பிஸ்வாலும் உடனாய்ந்தோரும் ஒரு வியப்பைக் கண்டனர். கையை அசைக்காமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும், இடக்கைக்கும் வலக்கைக்கும் உரிய பகுதிகள் ஒன்றாகவே ஏறி இறங்கின.

இதை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மழை பெய்து மரம் வெட்டாத நாளில் லயத்தைப் பாருங்கள். வேலை இல்லாவிட்டாலும், யார் யாரோடு கூடிப் பேசுகிறார் என்பதைக் கொண்டே யாருக்கு யார் நெருக்கம் என்று சொல்லிவிடலாமல்லவா? மூளையின் பகுதிகளும் அவ்வாறே.

2001-இல் மார்க்கஸ் ரெய்க்கிலும் குழுவினரும், ஓய்வு நேரத்தில் முனைப்பாக இயங்கும் ஒரு கூட்டமைப்பை விவரித்தனர். தன்னைப் பற்றியும், கடந்ததையும், வரப்போவதையும் நினைக்கும்போது இயங்குவது இதுவே. 2007-இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் கிரெய்சியசும் குழுவினரும் மனச்சோர்வுற்ற 28 பேரையும் நலமுள்ள 20 பேரையும் ஒப்பிட்டனர். நோயுற்றவர்களிடம், துயரத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி இக்கூட்டமைப்போடு மிகுதியாகப் பிணைந்திருந்தது. பல ஆய்வுகளைத் திரட்டிய 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்று, கவனத்தைத் திருப்பி ஆளும் பகுதிகளுக்குள் இணைப்பு தளர்ந்திருப்பதையும் கண்டது. "எல்லாம் என்னால்தான்" என்ற எண்ணம் செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றி வருவதற்கு இது ஒரு விளக்கமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

ஆனால் அறிவியல் நேர்கோட்டில் செல்வதில்லை. 2019-இல் சீனாவில் 1,300 நோயாளிகளை ஆராய்ந்தபோது, நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் அதே கூட்டமைப்பின் இணைப்பு குறைந்தே காணப்பட்டது. மருந்து உட்கொண்டதற்கும் அக்குறைவுக்கும் தொடர்பு தெரிந்தது. இவையெல்லாம் பலரைச் சேர்த்துக் கண்ட சராசரிகள். ஒருவரின் மூளைப் படத்தை மட்டும் பார்த்து, 'இவருக்கு மனச்சோர்வு' என்று உறுதி கூற இயலாது. இன்றும் மருத்துவர் அமர்ந்து, கேட்டு, பேசித்தான் நோயை அறிகிறார்.

நேயர்களே, கரும்பித்தம் என்ற காலம் தொட்டு இன்றுவரை வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே: இது சோம்பலும் அன்று, சாபமும் அன்று, நோய். மருந்தாலும், முறையான பேச்சுச் சிகிச்சையாலும் தேறியவர் பலர். இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள்தோறும் ஒருவர் மகிழ்ச்சியிழந்து, உறக்கமும் பசியும் கெட்டு வாடினால், அவரை ஏசாமல் கிளினிக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள். அறுந்த பாலத்தைச் சீராக்கும்வரை அக்கரையில் நிற்பவரோடு குரல் கொடுத்துக்கொண்டிருப்பது நம் கடமையன்றோ?