பசிபிக் மணல் நண்டு

பசிபிக் மணல் நண்டு என்பது அமெரிக்கக் கண்டங்களின் மேற்குக் கரையோர மணற்பரப்புகளில் அலைகள் வந்து மீளும் இடத்தில் புதைந்து வாழும் ஒரு சிறிய கடல்வாழ் ஓட்டுடலி ஆகும். இதன் அறிவியற் பெயர் எமெரிட்டா அனலோகா. அமெரிக்க விலங்கியலாளர் வில்லியம் இசுடிம்ப்சன் 1857 ஆம் ஆண்டில் இதனை முதன்முதலில் விவரித்தார். இது பத்துக்காலிகள் வரிசையில் ஹிப்பிடே குடும்பத்தைச் சேர்ந்தது. நண்டு என அழைக்கப்பட்டாலும் உண்மையான நண்டுகளைவிடத் துறவி நண்டுகளுக்கே இது நெருங்கிய உறவுடையது. இதற்குக் கடிக்கும் கொடுக்குகள் இல்லை. பக்கவாட்டில் நடப்பதும் இல்லை. நீந்துவது, ஊர்வது, தோண்டுவது ஆகிய எல்லாவற்றையும் பின்னோக்கியே செய்கிறது.

உடலமைப்பு

இதன் உடல் முட்டை வடிவானது. மேலோடு சாம்பல் அல்லது மணல் நிறத்தில் வழுவழுப்பாகவும் குவிந்தும் இருப்பதால் அலையின் வேகம் உடலைப் பெரிதும் தாக்குவதில்லை. பெண் நண்டின் மேலோடு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம் வரை வளரும். ஆண் நண்டுகள் இதைவிடச் சிறியவை. வால்முனைத் தட்டு நீண்டு, உடலின் அடிப்பக்கமாக மடிந்து கிடக்கும். கண்கள் மெல்லிய காம்புகளின் நுனியில் அமைந்துள்ளன.

இரண்டு இணை உணர்கொம்புகள் உள்ளன. இவற்றின் பணிகள் வெவ்வேறானவை. சிறிய முதல் இணை, மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டு மூச்சுக்கான நீரைச் செவுள்களுக்குக் கொண்டுசெல்லும் குழாய்போலச் செயற்படுகிறது. நீண்ட இரண்டாம் இணை இறகு போன்று நுண்மயிர்கள் அடர்ந்தது. உணவு தேடாத வேளையில் இது சுருண்டு ஓட்டின் கீழ் மறைந்திருக்கும்.

தோண்டும் முறை

ஒரு மணல் நண்டு 1.5 நொடி அளவான நேரத்தில்கூட முழுமையாகப் புதைந்துவிடக்கூடும். அலை மீண்டும் மணலை அரித்து நண்டை வெளியே எடுக்குமுன் இது நிகழவேண்டும். ஆகையால் இவ்வேகம் இதற்கு உயிர்ப் பிரச்சினை. கால்கள் தட்டையாகி மண்வெட்டிபோல் வளைந்துள்ளன. முன்னுள்ள கால்கள் மணலை வாரி முன்னே தள்ள, நான்காம் இணைக் கால்கள் அவற்றுக்கு எதிர்த்திசையில் சுழன்று பின்பகுதியைச் சுற்றியுள்ள மணலைக் கிளறித் தளர்த்துகின்றன. வாலின் இருபுறமும் உள்ள துடுப்பு போன்ற உறுப்புகளும் இதே வேளையில் அடித்துக்கொள்கின்றன.

இத்துடுப்புகளே நீந்துவதற்கும் பயன்படுகின்றன. நண்டு, இறால் முதலியவற்றின் உறவினங்கள் பல ஆபத்தின்போது வாலை மடக்கி உதைத்துப் பின்வாங்கும். மணல் நண்டில் அவ்வழக்கம் மறைந்து, துடுப்பின் அசைவு அதன் இடத்தைப் பிடித்துள்ளது. இத்துடுப்பின் இழுவையை உணரும் நரம்பணுக்கள் மிகத் தடித்த இழைகளைக் கொண்டவை. பொதுவாக நரம்புகளில் காணப்படும் துடிப்புகள் இன்றி, படிப்படியாகக் குறைந்துசெல்லும் மின்னழுத்தமாகவே இவை செய்தியைக் கடத்துகின்றன. இதனை டோரதி பால் 1972 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கடற்கரையில் சிறுவர்கள் வாளியில் அள்ளி விளையாடும் ஓர் உயிரி நரம்பியல் ஆய்வகங்களிலும் இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

உணவு

மணல் நண்டு கடலை நோக்கியவாறு, கண்களும் முதல் உணர்கொம்புகளும் மட்டும் வெளியே தெரியப் புதைந்திருக்கும். அலை கரையேறும்போது காத்திருந்து, நீர் கடலுக்குத் திரும்பும்போது இரண்டாம் உணர்கொம்புகளை விரிக்கிறது. முதுகுப்புறமிருந்து பாய்ந்துவரும் மெல்லிய நீரோட்டத்தில் உள்ள நுண்பாசிகளும் பிற துகள்களும் மயிர்களில் சிக்குகின்றன. பின்பு உணர்கொம்பை வாயுறுப்புகளின் வழியே இழுத்து, சிக்கியவற்றை வழித்து உண்கிறது. ஓர் அலை மீள்வதற்குள் இது பலமுறை நடைபெறலாம். நீர் வடியும் மணலில் தோன்றும் சிறிய 'வி' வடிவச் சுழிப்புகளைக் கொண்டு இவை புதைந்துள்ள இடத்தை மீனவர்கள் அறிந்துகொள்கின்றனர்.

கடல் ஏறி இறங்கும்போது அலை தவழும் பட்டையும் இடம் பெயரும். நண்டுகளும் அதனுடன் சேர்ந்து கரையில் மேலும் கீழும் நகர்கின்றன. ஆகவே இவற்றுக்கு நிலையான வளை என்று எதுவும் இல்லை.

பரவல்

வடவரைக்கோளத்தில் அலாசுக்கா முதல் மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியா வரையிலும், தென்னரைக்கோளத்தில் பெரு, சிலி கரைகளிலும் இது காணப்படுகிறது. இடைப்பட்ட வெப்பமண்டலக் கரையில் இது இல்லை. அங்கு எமெரிட்டா ராத்புனே என்ற வேறொரு சிற்றினம் வாழ்கிறது. வடக்கு எல்லையில் உள்ள கூட்டங்கள் நிலையற்றவை. நீரோட்டங்கள் குடம்பிகளைக் கொண்டுவரும் ஆண்டுகளில் தோன்றி, பின்னர் அவை மறைந்துபோகின்றன.

இனப்பெருக்கம்

பெண் நண்டு செம்மஞ்சள் நிற முட்டைகளைத் தன் வயிற்றுப்புறத்தில், மடிந்த வால்தட்டின் அணைப்பில் சுமக்கிறது. பெரிய பெண் நண்டு ஒரே தடவையில் 45,000 முட்டைகள் வரை சுமக்கக்கூடும். சுமார் 30 நாட்களில் கரு வளர, முட்டைகளின் நிறம் மங்கிச் சாம்பலாகும். வெளிவரும் குடம்பிகள் நான்கு மாதங்கள் அளவில் கடலில் மிதந்து, பலமுறை தோலுரித்து, பின் கரைக்குத் திரும்பி மணலில் குடியேறுகின்றன. இந்நெடிய மிதவை வாழ்வினால், ஒரு கடற்கரையில் பிறந்த நண்டு அதே கடற்கரைக்கு மீளும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. இவற்றின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்.

இப்பேரினத்தின் இனப்பெருக்கம் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்று சென்னைக் கரையிலிருந்து வந்தது. அங்குள்ள எமெரிட்டா ஏசியாட்டிக்கா என்ற சிற்றினத்தில், மிகச் சிறிய பருவத்திலேயே ஆணாக முதிர்ச்சியடையும் நண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறுகின்றன என டி. சுப்பிரமணியம் 1981 ஆம் ஆண்டில் எழுதினார். இம்முடிவைப் பசிபிக் மணல் நண்டுக்கும் அப்படியே பொருத்துதல் கூடாது.

எதிரிகளும் ஒட்டுண்ணிகளும்

கரையோரப் பறவைகள், கடற்காகங்கள், அலைப்பகுதி மீன்கள் ஆகியன இதனைப் பெருமளவில் உண்கின்றன. கலிபோர்னியாவின் தூண்டில்காரர்கள், குறிப்பாக ஓடு கழற்றிய மென்மையான நண்டுகளை, இரையாகப் பயன்படுத்துகின்றனர். பெருவில் இது 'முய் முய்' எனப்படுகிறது. அங்கு மக்களும் இதனை உண்பதுண்டு.

புரோஃபிலிக்கோலிசு எனும் முட்தலைப் புழுக்களின் இளம் பருவங்கள் மணல் நண்டின் உடலில் வளர்கின்றன. நண்டை உண்ணும் கடல்வாத்து முதலிய பறவைகளின் குடலில் அவை முதிர்ந்து, அவற்றின் முட்டைகள் எச்சத்துடன் கடலை அடைகின்றன. இச்சுழற்சியில் இடமில்லாத கடல் நீர்நாய் இந்நண்டுகளை உண்ணும்போது நிலைமை வேறாகிறது. புழுக்கள் குடற்சுவரைத் துளைத்து வயிற்றறையில் அழற்சியை உண்டாக்குகின்றன. 1998 முதல் 2001 வரை கலிபோர்னியாவில் இறந்த நீர்நாய்களை ஆராய்ந்தபோது இவ்வழற்சி சாவுக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. இளம் விலங்குகளே இதனால் அதிகம் பாதிக்கப்பட்டன. பிடிப்பதற்கு எளிதான இரை என்பதே இங்கு தீங்காக முடிகிறது.

மாசு காட்டியாக

கடல் நீரை இடையறாது வடிகட்டுவதால் நீரில் உள்ளவை இதன் உடலில் சேர்கின்றன. கலிபோர்னியக் கரை நெடுகிலும் பிடிக்கப்பட்ட நண்டுகளில் டி.டி.ட்டி. எச்சத்தை அளந்து 1971 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், லாசு ஏஞ்சலிசு கழிவுநீர் வெளியேறும் இடத்தை அண்டிய நண்டுகளிலேயே அது மிகுந்திருந்தது.

சூடோநிட்சியா எனும் நுண்பாசி டொமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சை உற்பத்தி செய்கிறது. 1991 இல் மான்டரே விரிகுடாவில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும், 1998 இல் நானூறுக்கும் மேற்பட்ட கடற்சிங்கங்களும் இந்நஞ்சினால் இறந்தன. நீரில் இப்பாசி பெருகும்போது மணல் நண்டுகளிலும் நஞ்சின் அளவு கூடுவதாக 2002 ஆம் ஆண்டின் ஆய்வுகள் காட்டின. கரையில் நின்றபடியே சேகரிக்க முடிவதால், படகு தேவைப்படும் முறைகளைவிட இது செலவு குறைந்த காட்டி. அண்மைக்காலத்தில் இவற்றின் உடலில் நுண்நெகிழி இழைகளும் காணப்பட்டுள்ளன. அவ்விழைகள் கலந்த நீரில் வளர்க்கப்பட்ட நண்டுகள் கூடுதலாக இறந்ததும், முட்டைகளைச் சுமக்கும் காலம் குறைந்ததும் ஆய்வகத்தில் பதிவாயின.

அரிப்புக்குள்ளான கரைகளை மீட்க வெளியிலிருந்து மணல் கொட்டும்போது, அங்குள்ள நண்டுகள் மூடப்பட்டு இறக்கின்றன. புதிய குடம்பிகள் வந்து குடியேறும்வரை பறவைகளுக்கும் இரை குறையும். கலிபோர்னியாவில் 'லிம்பெட்ஸ்' எனும் திட்டத்தின் கீழ் பள்ளி மாணவர்கள் குழாய்களால் மணலைத் தோண்டிச் சலித்து, கிடைக்கும் நண்டுகளை எண்ணி, அளந்து, ஆண், பெண் எனப் பிரித்துப் பதிவு செய்கின்றனர்.