ஆறு தொழிலாளர் செய்த சபதம்

குடிகாரன் திருந்துவானா? திருந்தான் என்பதே 1820களில் அமெரிக்கச் சீர்திருத்தவாதிகள் பலரின் முடிவு. 1826இல் பொஸ்டன் நகரிலே பாதிரிமார் முன்னின்று தொடக்கிய மதுவிலக்குச் சங்கம், அளவாய்க் குடிப்பவரைக் காப்பதிலேயே பெரிதும் கருத்தூன்றியது. குடியில் முற்றாக வீழ்ந்தவனுக்கு உபதேசமும் சிறையும் கிடைத்தன, கைகொடுப்பாரில்லை.

இம்முடிவைப் பொய்யாக்கியவர்கள் கைத்தொழிலாளர் அறுவர். 1840 ஏப்ரில் மாதம் பால்டிமோர் நகரின் மதுச்சாலையொன்றிற் கூடியிருந்த அவர்களுள் ஒருவர் தையற்காரர். மற்றவர்கள் தச்சர், கொல்லர், சக்கரம் செய்பவர், வண்டி கட்டுபவர், வெள்ளி முலாம் பூசுபவர். 1837இல் மூண்ட பொருளாதார நெருக்கடி தொழிலாளரின் வேலையையும் கூலியையும் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. பட்டறைகளில் வேலைக்கிடையே மது வழங்கும் பழைய வழக்கமும் முற்றாக மறைந்துவிடவில்லை. அறுவரும் இனிக் குடிப்பதில்லையெனச் சபதஞ் செய்து சங்கம் அமைத்தனர். ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரை அதற்குச் சூட்டினர்.

அவர்களது முறை எளியது. ஒருவன் எழுந்து தன் வீழ்ச்சியையும் மீட்சியையும் தன் வாயாற் சொல்வான். கேட்பவன் அதிலே தன் வாழ்வைக் காண்பான். மீண்டவன் இன்னொரு குடிகாரனை அழைத்துவருதல் கடமை. 1841 முதல் தொழிலாளர் குடும்பப் பெண்கள் 'மார்த்தா வாஷிங்டன்' சங்கங்களை அமைத்து, குடியால் நொடித்த வீடுகளுக்கு ஆடை தைத்து உதவினர். குடியில் வீழ்ந்த பெண்களையும் அரவணைத்தனர்.

1842 பெப்ரவரி 22ஆந் திகதி, ஸ்பிரிங்பீல்ட் நகரின் வாஷிங்டன் சங்கத்தாரிடையே ஆபிரகாம் லிங்கன் பேசினார். போதகரும் வழக்கறிஞரும் கூலிக்குப் பேசுவோரும் மக்களிடமிருந்து விலகி நின்றதாலேயே தோற்றனர் என்றார். குடிக்கு அடிமையாகாதோர் தப்பியது தம் அறிவின் உயர்வாலன்று, அந்த வேட்கை தமக்கு இல்லாமையாலேயே என்றும் இடித்துரைத்தார்.

ஆயினும் இத்தோழமைக்கும் ஓர் எல்லை இருந்தது. வெள்ளையரின் மதுவிலக்குச் சங்கங்கள் பலவற்றிற் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. அவர்கள் தமக்கெனச் சங்கங்களை அமைத்தனர். 1842 ஆகஸ்ட் 1ஆந் திகதி, மேற்கிந்தியத் தீவுகளின் அடிமை விடுதலையைக் கொண்டாடிப் பிலடெல்பியாவில் அவர்கள் நடத்திய மதுவிலக்கு ஊர்வலத்தை வெறிக்கும்பல் தாக்கியது. தேவாலயமும் மண்டபமும் தீக்கிரையாயின. தாக்கியோருட் பலர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். வேலைக்குப் போட்டியிட நேர்ந்த இரு ஏழைக் கூட்டங்களை நிறவெறி பிரித்துவைத்தது.

வாஷிங்டன் சங்கங்களும் நீடிக்கவில்லை. உறுதியான அமைப்பு அவற்றுக்கு இல்லை. மதுவைச் சட்டத்தால் ஒழிப்பதா, அன்பால் வெல்வதா என்ற பூசலும் அவற்றைச் சிதைத்தது. 1840களின் இறுதிக்குள் பெரும்பாலானவை மறைந்தன. எனினும் மீண்டவனே வீழ்ந்தவனுக்குத் துணை என்ற உண்மை மறையவில்லை. 1935இல் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிற் குடிநோயாளர் இருவர் சந்தித்ததிலிருந்து பிறந்த 'அல்ககோலிக்ஸ் அனோனிமஸ்' இயக்கமும் அதன்மீதே எழுந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? குடிகாரனைப் பழிப்பது எளிது. அவனருகில் அமர்ந்து பேசுவதே அவனை மீட்கும். ஆனால் நிறமோ சாதியோ பார்த்து இடம் ஒதுக்கும் தோழமை பாதித் தோழமையே. வேலையின்மையையும் வறுமையையும் தீண்டாத மதுவிலக்கும் பாதி வேலையே. மாணவர்க்கு அமெரிக்க வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம், ஜனாதிபதிகளின் பெயர்களோடு அந்த அறுவரின் தொழில்களையும் சொல்லிக் கொடுப்போமாக.