தபால் செலவு தனி

பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்கு இந்த மூன்று வார்த்தைகள் நினைவிருக்கும். கைக்கடிகாரமோ, கூந்தல் தைலமோ, ஜோசியப் புத்தகமோ, விலை கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே எறும்பு ஊர்ந்தாற்போல் 'தபால் செலவு தனி' என்று போட்டிருக்கும். அந்தத் 'தனி' யார் தலையில் விழுவது என்ற தகராறு இன்னும் ஓயவில்லை.

திருவாரூரை அடுத்த கிராமத்தில் எனக்குத் தெரிந்த டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆன்லைனில் மிக்ஸி ஜார் வாங்கினார். வந்தது வேறு அளவு. "உங்கள் ஊருக்கு ஆள் அனுப்பி எடுக்க வசதியில்லை, நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்று பதில் வந்தது. வரிசையில் நின்று 85 ரூபாய் கட்டி அனுப்பினார். விலை திரும்பி வந்தது. 85 ரூபாய் வரவில்லை.

"அவன் பண்ணின தப்புக்கு நான் எதுக்குத் தம்பி கூலி குடுக்கணும்?" என்று என்னைக் கேட்டார். நான்தான் தப்புச் செய்தவன் போல் விழித்தேன்.

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் ரயில் ஓடத் தொடங்கியபோதே திருவாரூர் அந்தப் பாதையில் இருந்தது. சரக்கு வர வழி பிறந்துவிட்டது. பணம் போவதுதான் சங்கடம். முன் பின் தெரியாத பம்பாய்க் கடைக்காரனை நம்பி யார் பணம் அனுப்புவார்? பணம் வராமல் அவன்தான் எப்படிச் சரக்கை அனுப்புவான்? 1877-ல் தபால் இலாகா நடுவில் புகுந்து வி.பி.பி. முறையை ஏற்படுத்திற்று. பார்சல் வாசலுக்கு வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்தால் கைக்கு வரும். பணம் வியாபாரிக்குப் போய்ச் சேரும். வியாபாரியை நம்பாதவர்களும் தபால்காரரை நம்பினார்கள்.

இதிலும் ஒரு சிக்கல். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பார்சல் வந்த வழியே திரும்பிவிடும். தபால் செலவு வியாபாரிக்கு நஷ்டம். நம் பக்கத்தில் சம்பா அறுவடைக்கு முன்னால் கையில் காசு ஏது? ஆசைப்பட்டு ஐப்பசியில் கார்டு எழுதிப் போட்டுவிட்டு, பார்சல் வந்ததும் திண்ணையிலிருந்து நைஸாக உள்ளே போய்விட்ட குடும்பத் தலைவர்கள் உண்டு. தபால் செலவை முன்னாலேயே அனுப்பு என்று சில வியாபாரிகள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் வாங்குகிறவர் பாடு இதைவிட மோசம். பணம் கொடுக்காமல் பார்சலைப் பிரிக்க முடியாது. பிரித்த பிறகு உள்ளே எது இருந்தாலும் தபால்காரரைக் கோபித்துப் பயனில்லை. 1898-ம் வருஷத்துத் தபால் சட்டத்தில், மோசடி நடந்திருந்தால் வசூலான பணத்தை நிறுத்திவைத்து வாங்கியவருக்கே திருப்பித் தர விதி செய்யலாம் என்று பின்னால் இடம் வைத்தார்கள். அந்தப் பிரிவு பேசியது வசூலான பணத்தைப் பற்றித்தான். பண்டத்தைத் திருப்பி அனுப்பும் கூலியைப் பற்றி அல்ல.

தபாலாபீஸ் யாருடைய ஆள் என்ற கேள்வி 1959-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ரத்லாமில் கூந்தல் தைலம் செய்து வி.பி.பி.யில் அனுப்பிய கம்பெனியின் வருமானவரி வழக்கு அது. பணத்தை வாங்கிக்கொண்டுதான் சரக்கைக் கொடு என்று சொல்வது வியாபாரி. ஆகவே தபாலாபீஸ் அவருடைய ஏஜெண்டு என்று தீர்ப்பாயிற்று.

டீச்சரம்மாவின் கேள்விக்கு ஓரளவு பக்கத்தில் வந்தது ஒரு ஜெர்மன் வழக்கு. ஹைன்ரிஹ் ஹைனே என்று கவிஞர் பெயர் கொண்ட ஒரு தபால் வியாபாரக் கம்பெனி. அனுப்பும் கூலி 4.95 யூரோ. பண்டம் வேண்டாமென்று திருப்பினாலும் இதைத் தரமாட்டோம் என்றது. நுகர்வோர் சங்கம் வழக்குப் போட்டது. 2010 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம், அனுப்பிய கூலியையும் திருப்பித் தரவேண்டும் என்றது. திரும்ப அனுப்பும் கூலியை மட்டும் வாங்கியவர் தலையில் வைக்கலாமாம். பாதி ஜெயம்!

நம் நாட்டில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டமும் 2020-ன் மின்வணிக விதிகளும் இருக்கின்றன. குறையுள்ள பண்டத்தையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பண்டத்தையும் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. விலையைத் தரவும் மறுக்கக்கூடாது. திருப்பி அனுப்பும் கூலியைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. யார் கொடுப்பது என்பதைப் பளிச்சென்று சொல்லவில்லை.

இன்னொரு சௌகரியமும் அந்தச் சட்டத்தில் உண்டு. கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஜில்லாவிலேயே புகார் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. இதை டீச்சரம்மாவிடம் சொன்னேன்.

"85 ரூபாய்க்காகவா?" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து தபாலாபீஸ் ரசீதை எடுத்து வந்து, "திருவாரூருக்கு எந்த பஸ்ஸிலே போகணும்?" என்று கேட்டார்.